கார்க் மாவட்டத்து ஜூனியர் ஹர்லிங்: ஊர் மைதானத்திலிருந்து குரோக் பார்க் வரை

கேள்வி: அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் நடக்கும் ஜூனியர் ஹர்லிங் போட்டியின் வரலாறு என்ன? ஜூனியர் என்றால் சிறுவர்களுக்கானதா? வட்டாரம் வட்டாரமாக ஏன் பிரித்து ஆடுகிறார்கள்?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இது சிறுவர் போட்டி இல்லை. இங்கே ஜூனியர் என்பது அணியின் தரம், ஆட்டக்காரர்களின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயது வரம்பு வைத்து நடக்கும் ஆட்டங்களுக்கு மைனர் என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. ஜூனியர் அணியில் பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்த பையனும், நாற்பதைத் தொடப்போகும் அவனுடைய சித்தப்பாவும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று மேலிருந்து கீழே எண்ணினால் கடைசியில் வருவது இதுதான். அயர்லாந்தின் மிகச் சிறிய ஊர்கள் எல்லாம் இந்தக் கடைசி வரிசையில்தான் இருக்கின்றன. அதனால் ஹர்லிங் எப்படி இத்தனை காலம் பிழைத்து நிற்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் சீனியர் கோப்பையைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த மட்டை, அதன் அடி அகலமாக, தட்டையாக இருக்கும். பந்து தோல் தைத்தது. ஸ்லிட்டர் என்பார்கள். எடை 110 முதல் 120 கிராம். தரையிலும் அடிக்கலாம், காற்றிலும் அடிக்கலாம், மட்டை நுனியில் தாங்கிக்கொண்டே ஓடவும் செய்யலாம். கோல் கம்பம் ஆங்கில எழுத்து 'எச்' மாதிரி நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் ஒரு கோல், அது 3 பாயிண்டுக்குச் சமம். கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட். 1-18 என்று ஸ்கோர் போட்டிருந்தால் ஒரு கோலும் 18 பாயிண்டும், ஆக மொத்தம் 21.

இனி வரலாறு. 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி மாவட்டத்தின் தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில், மைக்கேல் கியூசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடி கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷனை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஜி.ஏ.ஏ. பிரிட்டிஷ் ஆட்சியில் கிரிக்கெட்டும் ரக்பியும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஹர்லிங் பல இடங்களில் மறைந்தே போயிருந்தது, மீதி இடங்களில் ஊருக்கு ஊர் ஒரு விதி. சங்கம் வந்ததும் விதியை ஒன்றாக்கினார்கள். 1886 கடைசியில் கார்க் மாவட்டக் குழு அமைந்தது. அடுத்த ஆண்டே சீனியர் சாம்பியன்ஷிப் தொடங்கிவிட்டது. ஜூனியர் சாம்பியன்ஷிப் வந்தது 1895-ல்.

இந்த இடைவெளி ஏன் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே போட்டியில்தான் ஆடினார்கள். கார்க் நகரத்தை ஒட்டிய பிளாக்ராக் மாதிரியான அணிகள் வலுத்துக்கொண்டே போனபோது, கிராமத்து அணிகள் முதல் சுற்றிலேயே அடிபட்டு வீடு திரும்பின. வருடத்துக்கு ஒரு ஆட்டம், அதிலும் படுதோல்வி என்றால் அடுத்த வருடம் எந்தப் பையன் மட்டையைத் தொடுவான்? தனக்கு ஈடான ஆளோடு மோத வாய்ப்புக் கொடுத்தால்தான் அணி உயிரோடு இருக்கும் என்று கார்க் மக்களுக்கு விளங்கிவிட்டது. ஜூனியர் என்ற அடுக்கு பிறந்தது அந்தத் தேவையில்தான். பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் இங்கேயே ஆட வந்தன. அந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

வட்டாரப் பிரிவுக்குக் காரணம் நிலப்பரப்பு. அயர்லாந்தின் 32 மாவட்டங்களில் கார்க்தான் பெரியது, ஏறக்குறைய 7,500 சதுர கிலோமீட்டர். மேற்கே அட்லாண்டிக்கை நீட்டிப் பார்க்கும் பேரா தீபகற்பத்திலிருந்து கிழக்கே யால் துறைமுகம் வரை சாலையில் போனால் 150 கிலோமீட்டருக்கு மேல். கார் இல்லாத காலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பி, சைக்கிளிலும் ரயிலிலும் போய் ஆடிவிட்டு, திங்கள் காலை பால் கறக்கத் திரும்பியாக வேண்டும். இத்தனை ஊர்களின் போட்டிகளை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே குழு நடத்துவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் 1920-களிலும் 1930-களிலும் வட்டாரக் குழுக்கள் ஒவ்வொன்றாக அமைந்தன. ஒவ்வொரு வட்டாரமும் தன் ஜூனியர் கோப்பையைத் தானே நடத்தும். ஜெயித்தவர்கள் மாவட்ட அளவில் மோதிக்கொள்வார்கள்.

ஹர்லிங்குக்கு இப்படி ஏழு வட்டாரங்கள். வடக்கே அவண்டூ, வடமேற்கே டுஹாலோ, நடுவில் மஸ்கெரி, மேற்கே கார்பெரி, தென்கிழக்கே கேரிக்டூன், கிழக்கே இமோகில்லி, நகரத்துக்கு ஷாண்டூன். பேராவும் ஒரு வட்டாரம்தான், ஆனால் அங்கே ஜி.ஏ.ஏ.வின் இன்னொரு ஆட்டமான கேலிக் கால்பந்துக்குத்தான் மவுசு. இந்தப் பெயர்களில் டுஹாலோ, மஸ்கெரி, கார்பெரி, இமோகில்லி எல்லாம் பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயர்கள். அரசு நிர்வாகம் எப்போதோ கைவிட்டுவிட்ட எல்லைகள் அவை. இன்றைக்கு அந்தப் பெயர்களைச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் கத்துவது ஹர்லிங் மைதானத்தில்தான்.

1910-ல், கார்க் இருக்கும் மன்ஸ்டர் மாகாணத்தின் ஜூனியர் போட்டியும், 1912-ல் அகில அயர்லாந்து ஜூனியர் போட்டியும் தொடங்கின. இதில் ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள். அந்தப் போட்டிகளில் ஆடியவை கிளப்புகள் அல்ல. சீனியர் மாவட்ட அணியில் இடம் கிடைக்காதவர்களைப் பொறுக்கி எடுத்த மாவட்ட ஜூனியர் அணிகள். 1912-ன் முதல் கோப்பையைக் கார்க்தான் தூக்கியது. பிறகு சுதந்திரப் போராட்டம் வந்தது. 1920-ல் கார்க் நகரத்தின் மேயர் தொமாஸ் மக்கர்ட்டன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த டெரன்ஸ் மக்ஸ்வீனி உண்ணாவிரதத்தில் உயிர் விட்டார். டிசம்பர் 11 இரவு பிரிட்டிஷ் படையினர் நகரத்தின் மையப் பகுதியைக் கொளுத்தினார்கள். ஊரடங்கும் சோதனையும் உள்ள இடத்தில் முப்பது இளைஞர்கள் மட்டையோடு கூடுவதே ஆபத்து. போட்டிகள் நின்றன, தள்ளிப்போயின, பாதியில் கிடந்தன. வட்டாரக் குழுக்கள் எல்லாம் இந்தக் காலத்தை ஒட்டியே எழுந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. போரும் உள்நாட்டுப் போரும் பிளந்துபோட்ட ஊர்களில் மறுபடி எல்லோரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நின்றது இந்த ஆட்டங்களில்தான்.

சரி, ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இமோகில்லி வட்டாரத்தில் க்ளாய்ன் என்று ஒரு சிற்றூர். பழைய தேவாலயம், அதன் எதிரே வானத்தை நோக்கி நிற்கும் வட்டக் கோபுரம், நான்கு தெருக்கள். 1939-ல் இந்த ஊர் கார்க் ஜூனியர் கோப்பையை வென்றது. அந்த அணியில் 18 வயதுப் பையன் ஒருவன் ஆடினான், பெயர் கிறிஸ்டி ரிங். இரண்டு வருடத்தில் அவன் நகரத்தின் கிளென் ரோவர்ஸ் கிளப்புக்குப் போய்விட்டான். பின்னாளில் கார்க் அணிக்காக 8 அகில அயர்லாந்து சீனியர் பதக்கங்களை வென்றவர் அவர்தான். ஹர்லிங்கில் இதுவரை பிறந்தவர்களிலேயே சிறந்தவர் யார் என்று ஒரு கடையில் நான்கு பெரியவர்களைக் கேட்டால் மூன்று பேராவது அவர் பெயரைச் சொல்வார்கள். இத்தனை புகழுக்குப் பிறகும் அவர் எண்ணெய் லாரி ஓட்டித்தான் பிழைத்தார், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் சம்பளம் என்பதே கிடையாது. இன்றும் கிடையாது. கார்க் நகரத்தில் பார்க் ஈ ரின் என்ற மைதானம் அவர் பெயரில் இருக்கிறது.

பெரிய ஆட்டக்காரன் கிளம்பிப் போன பிறகு அந்த ஊருக்கு என்ன ஆனது? க்ளாய்ன் மறுபடி ஜூனியர் அடுக்கிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. 1966-ல் மீண்டும் அதே கோப்பை. 1997-ல் இன்டர்மீடியட். அப்புறம் 2004, 2005, 2006 என்று மூன்று வருடம் தொடர்ந்து கார்க் சீனியர் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மூன்றிலும் தோற்றது. கோல் காவலர் டோனல் ஓக் கியூசாக்கும், முழு பின்வரிசையையும் தாங்கிய டியர்முட் ஓ'சலிவனும் அந்த ஊர்ப் பையன்கள்தான். இருவரும் கார்க் மாவட்ட அணிக்காக அகில அயர்லாந்து கோப்பையை வென்றார்கள். சொந்த ஊருக்கு மட்டும் சீனியர் கோப்பை வரவில்லை. அந்த மூன்று தோல்விகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

ரிங் நகரத்துக்குப் போனது போல இப்போது சுலபமாக யாரும் போய்விட முடியாது. பிறந்து வளர்ந்த பங்கு, அதாவது ஊர்த் தேவாலயத்தின் எல்லை, எதுவோ அதன் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும் என்பதே வழக்கம். மாற வேண்டுமென்றால் குடியிருப்பு மாறியிருக்க வேண்டும், குழுவின் அனுமதி வேண்டும். அதையும் மீறிப் போகிறவனை ஊர் லேசில் மன்னிப்பதில்லை. அப்படியானால் சின்ன ஊரில் பிறந்த திறமைசாலி சீனியர் போட்டியைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இதற்குக் கார்க் கண்டுபிடித்த வழிதான் வட்டார அணி. ஜூனியர், இன்டர்மீடியட் கிளப்புகளில் ஆடுகிறவர்களிலிருந்து தேர்ந்தெடுத்து, வட்டாரத்தின் பெயரில் ஒரு அணியைச் சீனியர் சாம்பியன்ஷிப்பில் இறக்கலாம். சனிக்கிழமை ஊர் அணிக்கும், இன்னொரு வாரம் வட்டார அணிக்கும் அதே ஆள் ஆடுவான்.

இது ஒப்புக்குச் சப்பாணி ஏற்பாடு இல்லை. அவண்டூ 1952, 1966, 1996 ஆண்டுகளில் கார்க் சீனியர் கோப்பையை வென்றது. கார்பெரி 1994-ல் வென்றது. இமோகில்லி 1997, 1998 இரண்டு வருடம், பிறகு 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று வருடம், மறுபடி 2024. அந்த 2024 இறுதி ஆட்டத்தில் தோற்றது சார்ஸ்ஃபீல்ட்ஸ் கிளப். ஆனால் வட்டார அணி மாகாணக் கிளப் போட்டிக்குப் போக முடியாது என்பது விதி. எனவே தோற்ற சார்ஸ்ஃபீல்ட்ஸ் கார்க்கின் சார்பில் போனது, மன்ஸ்டர் கோப்பையை வென்றது, அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டது. அவர்களைத் தோற்கடித்த அணி ஜூனியர், இன்டர்மீடியட் பையன்களால் ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள். அடிவரிசையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஷேமஸ் ஹார்னடியும் நல்ல உதாரணம். 2018-ல் கார்க் மன்ஸ்டர் கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். அவருடைய கிளப் செயின்ட் ஈட்டாஸ், யால் பக்கத்து ஜூனியர் கிளப். எண்பதாயிரம் பேர் உட்காரும் குரோக் பார்க்கில் ஆடியவர், கொஞ்ச நாள் கழித்து வேலியோரம் ஐம்பது பேர் நிற்கும் மைதானத்தில் ஜூனியர் ஆட்டம் ஆடுவார். எதிரணியில் அவரைப் பிடிக்க நிற்பவன் ஒரு தச்சனாகவோ வாத்தியாராகவோ இருப்பான். அன்றைக்கு அவரை ஒரு பாயிண்ட்கூட எடுக்கவிடாமல் செய்துவிட்டால் அந்த ஆள் அதை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான்.

மாவட்ட அணிகள் ஒன்றோடொன்று மோதிய பழைய ஜூனியர் போட்டிகள் மெல்ல மங்கின. 1961-ல் அகில அயர்லாந்து இன்டர்மீடியட் வந்ததும் அவற்றின் மவுசு குறைந்தது. 2005-ல் கிறிஸ்டி ரிங் கோப்பை, நிக்கி ராக்கர்ட் கோப்பை என்று வலுக் குறைந்த மாவட்டங்களுக்குப் புதிய அடுக்குகள் வந்தபோது அவற்றுக்கு வேலையே இல்லாமல் போனது. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் ஜூனியர் கிளப்புகளுக்கு ஒரு புதிய கதவு திறந்தது. மாவட்ட ஜூனியர் சாம்பியன் மாகாணத்துக்கும், அங்கே ஜெயித்தால் அகில அயர்லாந்துக்கும் போகலாம், இறுதி ஆட்டம் குரோக் பார்க்கில். இந்தப் போட்டியின் முழு வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. முன்பெல்லாம் ஜூனியர் கோப்பை என்றால் மாவட்ட எல்லையோடு சரி. இப்போது சில நூறு பேர் வாழும் ஊர் நாட்டின் மிகப் பெரிய மைதானத்தில் இறங்கலாம்.

கார்க் அந்த வாய்ப்பை இறுகப் பிடித்துக்கொண்டது. 2009-ல் மஸ்கெரியின் டிரிப்ஸி அகில அயர்லாந்து ஜூனியர் கிளப் சாம்பியன். 2011-ல் டுஹாலோவின் மீலின். 2012-ல் அவண்டூவின் சார்ல்வில். 2017-ல் நகரத்தின் மேஃபீல்ட். இவர்களுக்குச் சரியான எதிரி கில்கென்னி மாவட்டம். பென்னட்ஸ்பிரிட்ஜ் என்ற கில்கென்னி கிளப் 2015-ல் ஜூனியர் கோப்பையை வென்று, மேலேறி, 2016-லேயே இன்டர்மீடியட் கோப்பையையும் தூக்கிவிட்டது. இவை தவிர எதிர்பாராத ஊர்களும் உள்ளே வந்தன. கால்பந்துக்குப் பேர்போன மோனஹன் மாவட்டத்தின் காசில்பிளேனி 2019-ல் இறுதி ஆட்டம் ஆடியது. 2013-ல் மான்செஸ்டரில் வாழும் ஐரிஷ்காரர்களின் ஃபுல்லன் கேல்ஸ் கிளப் இறுதி வரை வந்தது. பிழைப்புக்குக் கடல் கடந்து போனவர்கள் மட்டையையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

மிட்செல்ஸ்டவுன் பக்கத்து பாலிகிப்ளின் கதை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அவண்டூ வட்டாரத்துக் கிளப் அது. கால்பந்து என்றால் அதே பையன்கள் மிட்செல்ஸ்டவுன் பெயரில் ஆடுவார்கள், ஹர்லிங் என்றால் பாலிகிப்ளின். 2021-ல் கார்க் ஜூனியர் சாம்பியன். பெருந்தொற்றால் மாகாணப் போட்டி அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதையும் வென்று 2022 தொடக்கத்தில் குரோக் பார்க்கில் கில்கென்னியின் மூன்காயினிடம் தோற்றார்கள். வழக்கமாக அத்தோடு கதை முடிந்துவிடும், ஏனென்றால் மாவட்டக் கோப்பையை வென்ற அணி கட்டாயம் அடுத்த அடுக்குக்குப் போயாக வேண்டும், திரும்ப வர வாய்ப்பில்லை. ஆனால் அந்த வருடம்தான் கார்க் அடுக்குகளை மாற்றி, பிரீமியர் ஜூனியர் என்று ஒன்றை வைத்து, அதன் சாம்பியனே மன்ஸ்டருக்குப் போகும் என்று முடிவு செய்திருந்தது. மேலேறிய பாலிகிப்ளின் அதையும் வென்றது. மறுபடி மன்ஸ்டர், மறுபடி குரோக் பார்க். 2023 ஜனவரியில் ஸ்லைகோ மாவட்டத்தின் ஈஸ்கியைத் தோற்கடித்து கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் ஆடும் மார்க் கீன் அந்த அணியில் இருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர், ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

இந்தப் புதிய ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு அடுக்கிலும் சமபலமான அணிகள் மோதுவதால் ஆட்டங்கள் நெருக்கமாகிவிட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வட்டாரச் சாம்பியன் அதே குளிர்காலத்தில் நேராகக் குரோக் பார்க் வரை போகிற வழி கார்க்கில் அடைபட்டுவிட்டது. முதலில் மாவட்ட ஜூனியர், பிறகு ஒரு படி மேலேறி பிரீமியர் ஜூனியர், அதற்கப்புறம்தான் மாகாணம். ஒரு நல்ல தலைமுறைக்கு இரண்டு மூன்று வருடம்தான் உச்சம். சிறிய ஊரில் அந்தத் தலைமுறை மறுபடி வர இருபது வருடம் ஆகும்.

மேலேறியே ஆக வேண்டும் என்ற விதியால் ஒரு நன்மையும் இருக்கிறது. சீனியர் பட்டியலில் பிளாக்ராக், கிளென் ரோவர்ஸ், செயின்ட் ஃபின்பார்ஸ் மூன்றே கிளப்புகள் எண்பதுக்கு மேற்பட்ட கோப்பைகளைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. கிளென் ரோவர்ஸ் 1934 முதல் 1941 வரை தொடர்ந்து எட்டு முறை வென்றது. ஜூனியரில் அப்படி யாரும் குடியேற முடியாது. ஜெயித்தவன் கிளம்ப வேண்டும், அடுத்த ஊருக்கு இடம் கிடைக்கும். ஜூனியர் பட்டியலைப் படித்தால் கார்க் வரைபடத்தையே படித்த மாதிரி ஊர்கள் வந்துகொண்டே இருக்கும்.

பிரச்சினைகள் இல்லாமல் இல்லை. 1950-களில் வேலை தேடி லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இன்னொரு அலை. பதினைந்து பேர் சேராமல் பக்கத்து ஊரோடு இணைந்த கிளப்புகள் பல. இப்போது மட்டைக்கே ஆபத்து வந்திருக்கிறது. நல்ல மட்டை ஆஷ் மரத்தின் அடித்தண்டில், வேர் விரியும் இடத்தில்தான் கிடைக்கும். அங்கே மரத்தின் ரேகை இயற்கையாகவே வளைந்து ஓடும், மட்டையின் வளைவும் அதே ரேகையோடு போவதால் அடி வாங்கினாலும் சட்டென்று பிளக்காது. நுனியில் தகரப் பட்டை ஒன்று சுற்றி ஆணி அடித்திருப்பார்கள். மட்டைக்குத் தோதாக ஒரு மரம் வளர இருபத்தைந்து, முப்பது வருடம் ஆகும். 2012-ல் லீட்ரிம் மாவட்டத்தில் ஆஷ் மரங்களைக் கருக்கும் பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. வெளிநாட்டு மரத்தை வாங்குகிறார்கள், மூங்கில் மட்டையும் செயற்கை மட்டையும் வந்துவிட்டன. பழகிய கைகளுக்கு ஆஷ் தரும் அந்தத் துள்ளல் வேறு எதிலும் வருவதில்லை.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆண்டின் முதல் பாதி மாவட்ட அணிகளுக்கு, கிளப் போட்டிகள் ஜூலை கடைசியில்தான் சூடு பிடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் வட்டார இறுதி ஆட்டங்கள் வரும், அவற்றை விட்டுவிடாதீர்கள். நவம்பர், டிசம்பரில் மன்ஸ்டர் ஆட்டங்கள், மழையும் சேறுமாக இருக்கும், ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஜனவரியில் குரோக் பார்க். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இமோகில்லி அல்லது அவண்டூ வட்டார இறுதி ஆட்டத்துக்குப் போங்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் இரண்டு அணிகளைப் பற்றியும் கேளுங்கள், மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லித்தான் உள்ளே விடுவார்.